ஆண்டு மலரில் யார் இல்லை?

இவ்வாண்டு ஜனவரி முதல் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியையும் திறன் கைக்கடிகாரத்தையும் பயன்படுத்த முடியாது. பாட நேரத்துக்கு மட்டும் இருந்த கட்டுப்பாடு இடைவேளைக்கும் இணைப்பாட நடவடிக்கைகளுக்கும் துணைப்பாட வகுப்புகளுக்கும் நீண்டிருக்கிறது. 2025 நவம்பர் 30ஆம் தேதி கல்வி அமைச்சு இதை அறிவித்தபோது கவனச் சிதறல், தூக்கம், அவசரத்துக்குப் பெற்றோர் எப்படித் தொடர்புகொள்வது என்பவை பற்றியே பேச்சு இருந்தது. ஒரு சின்ன விளைவு அதிகம் பேசப்படவில்லை. இடைவேளையில் இனி யார் படம் எடுப்பார்கள்?

கேலிக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால், ஆண்டு மலர்க் குழுவில் இருந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். விருந்தினர் வருகை, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா இவற்றையெல்லாம் பள்ளி அமர்த்திய படக்காரர் எடுத்துவிடுவார். உணவகத்தில் மூன்று பேர் ஒரே தட்டில் மீ கோரெங் சாப்பிடுவதையும் மழை நாளில் தாழ்வாரத்தில் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதையும் மாணவர்களே கைப்பேசியில் எடுத்தார்கள். நவம்பர் வந்ததும் “யாரிடமாவது நல்ல படம் இருக்கிறதா?” என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் நூறு படங்கள் வந்து விழும். அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. மலேசியப் பள்ளிகளில் கைப்பேசிக் கட்டுப்பாடு நெடுநாள் வழக்கம் என்பதால் ஜோகூர் பாலத்துக்கு அப்பால் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஆண்டு மலர் பெரும்பாலும் சபைகூடல் படமும் சங்கங்களின் வரிசைப் படமுமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தடை சரியா தவறா என்பது வேறு கட்டுரை. அதன் பின்விளைவாகப் பள்ளியின் கேமரா மீண்டும் முக்கியமாகிவிட்டது. ஆயிரம் மாணவர்கள் படிக்கும் வளாகத்தில் இனி நான்கைந்து கேமராக்கள்தான் கண்கள். அவற்றைப் பிடித்திருக்கும் மாணவர்களுக்கு நாம் என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டிய நேரம் இது.

பெரும்பாலும் கருவியைத்தான் கற்றுக்கொடுக்கிறோம். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, மூன்றில் ஒரு பங்கு விதி. இவை வேண்டும்தான். கூடைப்பந்து ஆட்டத்தை நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் குறைவான வேகத்தில் எடுத்தால் கை கால் எல்லாம் புகையாகத் தெரியும். ஆனால், இவற்றை ஒரு சனிக்கிழமையில் கற்றுக்கொள்ளலாம். யாரை எடுப்பது, எப்போது எடுப்பது, படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பவற்றுக்குத்தான் ஓராண்டு தேவைப்படும். பெரும்பாலான பயிற்சிகள் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

வெள்ளைச் சட்டையும் கறுத்த முகமும்

கருவியைப் பற்றிய பாடத்திலும் நம் மாணவர்களை நேராகத் தொடும் ஒன்று விட்டுப்போகிறது.

உங்கள் பழைய வகுப்புப் படத்தை எடுத்துப் பாருங்கள். நாற்பது பேர், பெரும்பாலோர் வெள்ளைச் சட்டை. வெளிர்நிற முகங்கள் தெளிவாக இருக்கும். கடைசி வரிசையில் நிற்கும் கறுத்த நிறத் தமிழ் மாணவரின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். “நான் படத்தில் நன்றாக விழமாட்டேன்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். பிழை அவர் முகத்தில் இல்லை.

கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்குப் போடுகிறது. சட்டம் முழுவதும் வெள்ளைச் சீருடையாக இருந்தால், “வெளிச்சம் அதிகம்” என்று முடிவெடுத்து ஒளியைக் குறைத்துவிடும். சட்டை அழகாக வந்துவிடும். கறுத்த முகம் இருட்டுக்குள் போய்விடும். இதற்கு மருந்து எளிது. பிளஸ், மைனஸ் குறியிட்ட பொத்தானை அரை நிறுத்தமோ ஒரு நிறுத்தமோ பிளஸ் பக்கம் தள்ளுங்கள். அல்லது புள்ளி அளவீட்டுக்கு மாற்றி முகத்தில் வைத்து அளவெடுங்கள். குழுப் படத்தில் மிகக் கறுத்த முகத்தின் விவரம் கெடாமல், மிக வெளுத்த முகமும் வெந்துபோகாமல் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். உச்சி வெயிலும் மண்டப விளக்கும் இதற்கு எதிரிகள். இரண்டும் மேலிருந்து விழுந்து கண்குழிகளில் நிழலை நிரப்புகின்றன. நம் பள்ளிகளின் ஒரு பக்கம் திறந்த தாழ்வாரங்கள்தான் அருமையான படப்பிடிப்புக் கூடம். பக்கவாட்டிலிருந்து மெல்லிய ஒளி வரும், காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதைத் தொழில்நுட்பக் குறிப்பு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து படச்சுருள் கழுவும் கடைகளுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அந்தப் பெண்ணின் தோல் நிறம் சரியாக வந்தால் எந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரால் ‘ஷர்லி அட்டை’ என்ற பெயரும் அதற்கு நிலைத்துவிட்டது. கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிப் படங்களில் இருட்டாக விழுகிறார்கள் என்று அவர்களின் தாய்மார்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். பழுப்பு நிற வேறுபாடுகளைப் படச்சுருள் காட்டவில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் முறையிட்ட பிறகுதான் படச்சுருளின் வேதியியல் மாறத் தொடங்கியது. முகத்துக்காக மாறாதது மேசைக்காக மாறியது. பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது. கூகல் 2021இல் பிக்சல் 6 கைப்பேசியில் கறுத்த தோல் நிறத்தைச் சரியாகக் காட்டும் வசதியைத் தனியாக விளம்பரப்படுத்தியது என்றால், அதுவரை என்ன நிலை என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது சிக்கல் மறுபக்கத்திலிருந்தும் வருகிறது. முகத்தை அழகாக்கும் செயலிகளில் ‘அழகு’ என்பது பெரும்பாலும் ‘வெளுப்பு’தான். படங்களைச் சரிசெய்யும்போது ஒரே வடிகட்டியை எல்லா முகங்களுக்கும் போட்டால் ஒரு மாணவி தன் நிறத்தில் ஆண்டு மலருக்குள் போய் வேறு நிறத்தில் வெளியே வருவார். ஆண்டு மலர்க் குழுவுக்கு நான் ஒரே ஒரு விதி எழுதலாம் என்றால் அது இதுதான்: தோல் நிறத்தை மாற்றும் எந்த வடிகட்டியும் கூடாது.

ஒரு நாள் இந்தியர்

முகம் தெளிவாக விழுந்தால் போதுமா? எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர்ப் பள்ளிகள் 1964 ஜூலை 21 கலவரத்தை நினைவுகூர்ந்து 1997 முதல் இன நல்லிணக்க நாளைக் கொண்டாடிவருகின்றன. நல்ல நோக்கம். அன்று கேமராக்கள் தாமாகவே தமிழ் மாணவர்களைத் தேடி வருகின்றன. சேலை, வேட்டி, ரங்கோலி, மருதாணி. தீபாவளிக் கொண்டாட்டத்திலும் அதே. அப்புறம் அறிவியல் ஆய்வுக்கூடப் பக்கத்தையும் எந்திரனியல் மன்றப் பக்கத்தையும் விவாத அணிப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். அங்கேயும் தமிழ் மாணவர்கள் இருந்திருப்பார்கள், படத்தில் மட்டும் இல்லை. யாரும் வேண்டுமென்று விலக்கியதில்லை. படம் எடுப்பவர் தன் நண்பர்களை எடுக்கிறார். நண்பர்கள் அவரைப் போலவே இருக்கிறார்கள். இதைவிடச் சிக்கலான விளக்கம் தேவைப்படுவதில்லை.

இது தமிழ் மாணவர்களுக்கு மட்டும் உள்ள குறையும் அல்ல. இணைப்பாட நடவடிக்கை முடிந்ததும் பகுதிநேர வேலைக்கு ஓடும் மாணவர், உடற்குறை காரணமாக விளையாட்டுத் திடலுக்கு வராதவர், ஆண்டு நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவர் ஆகியோர் வகுப்புப் படத்தில் ஒரு தலையாக மட்டும் மிஞ்சுகிறார்கள். மாணவர் தலைவர்களோ பத்துப் பக்கத்துக்கு ஒரு முறை தோன்றிக் கையசைக்கிறார்கள்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டு மலர் தயாரிப்பு ஒரு தனிப் பாடம். அங்கே ஒரு நடைமுறை உண்டு. புத்தகத்தின் கடைசியில் மாணவர்களின் பெயர்ப் பட்டியலும் யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்ற எண்ணும் இருக்கும். ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று முறையாவது இடம்பெற வேண்டும் என்று பல ஆசிரியர்கள் இலக்கு வைக்கிறார்கள். நம்மால் முடியாதா? 1,000 மாணவர்கள், 160 பக்கங்கள், பக்கத்துக்குச் சராசரியாக 5 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். 800 படங்கள் ஆகின்றன. ஒரு படத்தில் நான்கு பேர் என்றாலே 3,200 இடங்கள். எல்லாரும் மூன்று முறை வந்த பிறகும் 200 இடம் மிச்சம். ஆக, இடப் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. எண்ணிப் பார்ப்பதற்கு ஓர் எக்செல் தாள் போதும்.

பெயர்ப் பட்டியல் என்றதும் நம் பெயர்களின் தொல்லை வந்துவிடுகிறது. வடிவமைப்பு மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். தமிழர் பெயரில் கடைசியில் இருப்பது அப்பாவின் பெயர். விளைவு, கவிதா தன் அப்பா முருகனின் பெயரில் ‘ம’ வரிசையில் போய் உட்கார்ந்திருப்பார். ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ நடுவில் வந்தால் குழப்பம் இரட்டிப்பு. பெயர் நீளமானால் பாதியில் வெட்டிவிடுவதும் உண்டு. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு வகுப்புக்கும் பட்டியலை அனுப்பி, “உங்கள் பெயர் எப்படி வர வேண்டும்?” என்று கேட்பது அரை நாள் வேலை.

படத்துக்குக் கீழே இரண்டு வரி

“மாணவர்கள் மகிழ்ச்சியுடன் பங்கேற்ற தருணம்.” எந்தப் பள்ளியின், எந்த ஆண்டின், எந்தப் படத்துக்குக் கீழேயும் இதைப் போடலாம். அதனால்தான் இது குறிப்பே அல்ல. படத்தில் மகிழ்ச்சி ஏற்கெனவே தெரிகிறது. தெரியாததைச் சொல்ல வேண்டும். யார், எங்கே, எப்போது, இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது?

நான்கு மாணவிகள் மேடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் என்று வைத்துக்கொள்வோம். “நாடகப் போட்டிக்கு ஆயத்தமாகும் மாணவிகள்” என்று எழுதலாம். அல்லது அவர்களிடம் போய்ப் பேசலாம். “எப்படி உணர்ந்தீர்கள்?” என்று கேட்டால் “பதற்றமாக இருந்தது, பெருமையாக இருந்தது” என்ற பதில்தான் வரும். “அப்போது கையில் என்ன வைத்திருந்தீர்கள்? யார் முதலில் பேசியது?” என்று கேளுங்கள். கதாநாயகியாக நடிக்க வேண்டியவருக்கு அன்று காலை தொண்டை கட்டிக்கொண்டது, இன்னொருவர் இருபது நிமிடத்தில் வசனத்தை மனப்பாடம் செய்தார், தரையில் கிடக்கும் தாள் அதுதான் என்று தெரியவரலாம். படம் மாறவில்லை. குறிப்பு மாறியதும் இருபது ஆண்டு கழித்தும் யாராவது நின்று படிக்கும் பக்கமாகிவிடுகிறது.

கதை சொல்லக் காத்திருக்கவும் தெரிய வேண்டும். அமெரிக்கப் படக் கலைஞர் யூஜின் ஸ்மித் 1948இல் ‘லைஃப்’ இதழுக்காக ஒரு கிராமத்து மருத்துவரைப் படமெடுத்தார். கொலராடோ மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் 23 நாள் அந்த மருத்துவருடனேயே இருந்தார். படக் கட்டுரை என்ற வடிவத்துக்கு இன்றும் அதை முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். மாணவர்களுக்கு 23 நாள் கிடைக்காது. ஆனால், பள்ளி உணவகத்தில் கடை வைத்திருக்கும் அம்மா காலை எத்தனை மணிக்கு வருகிறார் என்று ஒரு நாள் போய்ப் பார்க்கலாம். துப்புரவு ஊழியருடன் ஒரு பிற்பகல் நடக்கலாம். அகலமாக ஒரு படம், பாதித் தொலைவில் ஒன்று, கைகளை மட்டும் ஒன்று எடுங்கள். மூன்றும் சேர்ந்தால் ஒரு பக்கம் தயார். ஆசிரியர்கள், அதிபர், ஆலோசனைக் குழுவினர் எல்லாருக்கும் இடம் ஒதுக்கும் ஆண்டு மலர்கள் இவர்களுக்கு ஒரு பக்கம் கொடுப்பது அரிது.

தமிழ்நாட்டில் மு. பழனிக்குமார் என்ற படக் கலைஞர் இருக்கிறார். மதுரைப் பக்கத்து ஊர்க்காரர், அம்மா மீன் விற்பவர். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றிய அவருடைய படங்கள் பரவலாகப் பேசப்பட்டவை. 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் பட விருதைப் பெற்றார். உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர் படக்கலை கற்றுக்கொடுத்துவருகிறார். அந்தப் பிள்ளைகள் எடுக்கும் படங்களில் இருப்பது அவர்களுடைய சொந்த வீடும் தெருவும் பெற்றோரின் வேலையும்தான். வெளியாள் ஒருவர் அதே தெருவில் அதே படத்தை எடுத்துவிட முடியாது. அவருக்குக் கதவு திறக்காது. பள்ளியிலும் அப்படித்தான். கட்டணத்துக்கு வரும் படக்காரர் திறமைசாலியாக இருக்கலாம், ஆனால் உயர்நிலை இரண்டாம் வகுப்பின் கடைசி மேசையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

கேட்காமல் எடுத்த படம்

2023 அக்டோபரில் ‘எபிக்’ என்ற கொரியச் செயலி உலகெங்கும் பரவியது நினைவிருக்கும். நம் படத்தைக் கொடுத்தால் 1990களின் அமெரிக்க ஆண்டு மலரில் இருப்பதுபோல் முகங்களைச் செய்துகொடுக்கும். இங்கேயும் பலர் செய்துபார்த்தார்கள். போகாத பள்ளியின் படம், போடாத சட்டை, சிரிக்காத சிரிப்பு. விளையாட்டாக அதை ரசிக்கலாம். அதே தொழில்நுட்பம் அடுத்த ஆண்டே வேறு முகத்தைக் காட்டியது. 2024 நவம்பரில் சிங்கப்பூரின் ஒரு பள்ளியில் சக மாணவிகளின் முகங்களை வைத்துப் போலி ஆபாசப் படங்கள் உருவாக்கிப் பகிரப்பட்டன. 2025 ஏப்ரலில் ஜோகூரின் கூலாயில் இதேபோன்ற புகாரில் பதினாறு வயது மாணவர் ஒருவர் கைதானார். அதே ஆண்டு நவம்பரில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம், இப்படிப் பாதிக்கப்படுவோர் முறையிட ஓர் ஆணையம் அமைக்க வழிசெய்கிறது.

இதனால் சில பெற்றோர் ஆண்டு மலருக்கே பிள்ளையின் படம் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால், முகங்களே இல்லாத ஆண்டு மலர் அதற்குத் தீர்வாகாது. அச்சுப் புத்தகத்துக்கு ஒரு நிதானம் உண்டு. அது வகுப்பைவிட்டு வகுப்புக்குத்தான் போகும்; தேடுபொறி அதை மேய்வதில்லை. ஆபத்து மிகுதியாக இருப்பது, அதே புத்தகத்தை உயர்தரப் பிடிஎஃப் கோப்பாகப் பள்ளியின் இணையப் பக்கத்தில் யாரும் தரவிறக்கும்படி போட்டுவைப்பதில்தான். அச்சில் பெயரோடு போடுங்கள், இணையத்தில் அப்படியே போடாதீர்கள் என்பது என் கருத்து.

ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் கையொப்பமிட்ட படிவம் பள்ளிக்குப் போதுமானதாக இருக்கலாம். படத்தில் இருப்பவருக்கு அது போதாது. தோற்ற ஆட்டத்துக்குப் பின் அழும் அணித்தலைவரின் படம் அந்த ஆண்டின் மிகச் சிறந்த படமாகக்கூட இருக்கலாம். அவரிடம் காட்டி, “போடலாமா?” என்று கேட்க வேண்டும். பலர் சரி என்பார்கள். “வேண்டாம்” என்றால், அதற்கு மேல் வாதம் கிடையாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவர், பின்னாளில் செய்தியாளரானாலும் இன்ஸ்டகிராமில் மட்டும் படம் போடுபவரானாலும் அதை மறக்கமாட்டார்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். 2019இல் எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் நான்காக இணைந்தன. பிள்ளைகள் எண்ணிக்கை குறைவதால் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளின் இணைப்பும் நடந்துவருகிறது. 1946இல் தொடங்கி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதோடு சிங்கப்பூரில் தமிழ் உயர்நிலைப் பள்ளி என்பதே இல்லாமல்போனது. பெயர் இன்று தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது. அங்கே படித்தவர்கள் ஒன்றுகூடும்போது கையில் கொண்டுவருவது பழைய குழுப் படங்களைத்தான். “இது யார்?” என்று ஒரு முகத்தில் விரல் வைப்பார்கள். கீழே பெயர் இருந்தால் பேச்சு தொடரும்.

மூன்றாம் தவணை தொடங்குமுன் ஆண்டு மலர்க் குழுக்கள் ஒரு வேலை செய்யலாம். இதுவரை எடுத்த படங்களைத் திறந்து, வகுப்புப் பட்டியலை எதிரே வைத்து, ஒருமுறைகூட வராதவர்களின் பெயர்களில் கோடிடுங்கள். எந்தப் பள்ளியிலும் அந்தப் பட்டியல் நீங்கள் நினைத்ததைவிட நீளமாக இருக்கும். மீதமிருக்கும் மாதங்களில் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.